படகோட்டிகளுக்கான ஆற்று நிலைச் செயலிகள்: ஒரு மதிப்பாய்வு

ஆற்றில் படகை இறக்கும் முன், தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள உதவும் செயலிகள் இன்று பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. கயாக், ராஃப்டிங் போன்ற படகு விளையாட்டுகளில் ஈடுபடுவோர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இவற்றைத் திறந்து பார்க்கின்றனர். தண்ணீர் குறைவாக இருந்தால் படகு பாறையில் தட்டும். மிகுதியாக இருந்தால் உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு எது என்று அறிவதே இச்செயலிகளை நாடுவோரின் நோக்கம்.

இத்தகைய செயலிகளைப் பற்றிப் பேசும்போது 'நேரலை' என்னும் சொல் தவறாமல் வந்துவிடுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் செயலிகளும் சேவைகளும் அந்தச் சொல்லுக்கு எந்த அளவு உண்மையாக நடந்துகொள்கின்றன என்று இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இவை பயனுள்ளவை, வேண்டாம் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. ஆனால் செயலி காட்டும் எண், படகு நிற்கும் இடத்தின் இந்த நிமிட நிலை அன்று. அது வேறோர் இடத்தில், சற்று முன்னர் எடுக்கப்பட்ட அளவு. எந்த இடம், எந்த நேரம் என்பதை மறைக்காமல் சொல்லும் செயலியே நல்ல செயலி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை பாதி மதிப்பெண்ணே பெறுகின்றன.

எண் எங்கிருந்து வருகிறது?

கைப்பேசிச் செயலி எதையும் அளப்பதில்லை. அளப்பவை ஆற்றங்கரையில் நிற்கும் அளவீட்டு நிலையங்கள். அமெரிக்காவில் இப்பணியைச் செய்வது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம். அது தன் முதல் ஆற்று அளவீட்டு நிலையத்தை 1889-இல் நியூ மெக்சிகோவில், ரியோ கிராண்டி ஆற்றின் கரையிலுள்ள எம்புடோ என்னும் இடத்தில் தொடங்கியது. இன்று அந்நாடு முழுவதும் 8,000-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றின் தரவுகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் ஆற்று நிலைச் செயலிகள் பல தோன்றியதற்கு அடிப்படை இந்தத் திறந்த தரவுதான். செயலியின் அழகைப் பாராட்டுவோர், பின்னணியில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் அளவீட்டுப் பணியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. பெரும்பாலான நிலையங்கள் தொடர்ந்து அளப்பது நீர்மட்டத்தை மட்டுமே. விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது அந்த மட்டத்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது. அந்தக் கணக்குக்கு ஓர் அட்டவணை தேவை. ஊழியர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் நிலையத்துக்குச் சென்று, ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பையும் நீரின் வேகத்தையும் அளக்கின்றனர். இரண்டையும் பெருக்கினால் நீரோட்டம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் அகலமும் சராசரியாக 1 மீட்டர் ஆழமும் கொண்ட ஆற்றில் தண்ணீர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 × 1 × 1.5 = விநாடிக்கு 30 கனமீட்டர். ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 35.3 கனஅடி. ஆகவே இது விநாடிக்குச் சுமார் 1,060 கனஅடி. இவ்வாறு வெவ்வேறு மட்டங்களில் அளந்து, 'இந்த மட்டம் என்றால் இவ்வளவு நீரோட்டம்' என்று அட்டவணை தயாரிக்கின்றனர்.

ஒரு பெருவெள்ளம் வந்து ஆற்றுப் படுகையை அரித்துவிட்டாலோ, மணலைக் கொண்டுவந்து குவித்துவிட்டாலோ அந்த அட்டவணை பிழையாகிவிடும். மட்டம் அதேதான், ஆனால் ஓடும் தண்ணீரின் அளவு வேறு. புதிதாக அளந்து திருத்தும் வரை கணக்கில் பிசகு இருக்கும். இதனால்தான் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் அண்மைத் தரவுகளைத் 'தற்காலிகமானவை, திருத்தத்துக்கு உட்பட்டவை' என்ற குறிப்புடன் வெளியிடுகிறது. அறிவியலாளர்களின் நேர்மைக்கு இது நல்ல சான்று. அதே எண்ணை எடுத்துக்கொண்டு, அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டுப் பெரிய எழுத்தில் காட்டும் செயலி, தரவை அழகாக்கும் முயற்சியில் அதன் உண்மையைக் குறைத்துவிடுகிறது.

'நேரலை' எவ்வளவு நேரலை?

அமெரிக்க நிலையங்கள் பொதுவாக 15 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவு செய்கின்றன. பதிவானவை, வழக்கமாக மணிக்கு ஒருமுறை, செயற்கைக்கோள் வழியே அனுப்பப்படுகின்றன. ஆகவே செயலியைத் திறப்பவர் காணும் எண் ஒரு மணி நேரம் வரையிலோ அதற்குச் சற்று மேலாகவோ பழையதாக இருக்கலாம். அகன்ற, மெதுவாக ஏறியிறங்கும் ஆற்றுக்கு இது பெரிய குறையன்று.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்குள்ள சுற்றுச்சூழல் முகமை, நீர்மட்டத் தரவுகளைத் திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடுகிறது. ரெயின்சேசர்ஸ் போன்ற படகோட்டிகளுக்கான சேவைகள் இத்தகைய பொதுத் தரவுகளை நம்பியே இயங்குகின்றன. அங்கும் அளவீடு 15 நிமிடங்களுக்கு ஒன்றுதான். ஆனால் வழக்கமான நாள்களில் பெரும்பாலான நிலையங்கள் அந்த அளவீடுகளைத் தொகுத்து நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே தலைமையகத்துக்கு அனுப்புகின்றன. வெள்ள அபாயம் உள்ள காலங்களில் அடிக்கடி அனுப்புகின்றன. இதை அம்முகமையே தன் விளக்கக் குறிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இதன் பொருள் என்ன? காலை 10 மணிக்குச் செயலியைப் பார்ப்பவர் முந்தைய இரவின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். செங்குத்தான மலைச்சரிவில் ஓடும் சிற்றாறுகள் மழை பெய்த சில மணி நேரத்தில் ஏறி, சில மணி நேரத்தில் வடிந்துவிடுபவை. அங்கே ஓர் இரவு என்பது நீண்ட காலம். 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக வரையப்பட்ட வரைபடம் மிக நுட்பமாகத் தோன்றும். அந்தத் தோற்றமே பார்ப்பவரை ஏமாற்றும். வரைபடத்தின் கடைசிப் புள்ளி எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை.

கைப்பேசிச் சமிக்ஞை இன்னொரு சிக்கல். மலை இடுக்குகளில் இணைப்பு கிடைப்பது அரிது. இணைப்பு இல்லாதபோது, ஏற்கெனவே சேமித்து வைத்த பழைய எண்ணை ஒரு செயலி சத்தமின்றிக் காட்டினால், பயன்படுத்துபவர் அதைப் புதியது என்றே எண்ணுவார். எனவே, அளவீட்டு நேரத்தை எண்ணுக்கு அருகிலேயே, எண்ணைப் போலவே தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது எனது முதல் எதிர்பார்ப்பு. பழைய தேர்வுத்தாளைத் தேதி இல்லாமல் கொடுத்தால் மாணவர் எதைப் படிப்பார்? அதே குழப்பம்தான் இங்கும்.

நேரத்தைப் போலவே இடமும் முக்கியம். அளவீட்டு நிலையம் படகுத்துறைக்கு மேலே 20 கிலோமீட்டரில் உள்ளது, வெள்ளம் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கிவருகிறது என்று கொள்வோம். நிலையத்தில் இப்போது உயரும் மட்டம் நான்கு மணி நேரம் கழித்துத்தான் படகுத்துறையை எட்டும். நிலையம் படகுத்துறைக்குக் கீழே இருந்தாலோ, செயலி உயர்வைக் காட்டும் முன்பே வெள்ளம் படகைத் தாண்டியிருக்கும். இடையில் ஒரு கிளையாறு வந்து கலந்தால் கணக்கு மேலும் மாறும். வரைபடத்தில் நிலையத்தின் இருப்பிடத்தையும் படகுப் பாதையையும் ஒருசேரக் காட்டும் செயலிகள் இந்தச் சிந்தனையைத் தூண்டுகின்றன. ஆற்றின் பெயரையும் ஓர் எண்ணையும் மட்டும் காட்டுபவை அதைத் தடுக்கின்றன.

எண்ணுக்குப் பொருள் தருபவர்கள்

'1,060 கனஅடி' என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. ஓர் ஆற்றில் அது முழங்கால் அளவு தண்ணீர். குறுகிய இன்னோர் ஆற்றில் அது படகைக் கவிழ்க்கும் சீற்றம். எண்ணுக்குப் பொருள் தர, அந்த ஆற்றில் பல முறை சென்று வந்தவர்கள் வேண்டும்.

இவ்வகையில் பாராட்டத்தக்க பணியைச் செய்வது 1954-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ஒயிட்வாட்டர் என்னும் அமைப்பு. அதன் ஆற்றுத் தரவுத்தளம் ஒவ்வோர் ஆற்றையும் படகு செல்லும் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கு உரிய அளவீட்டு நிலையத்தை இணைத்து, 'இந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம், இந்த அளவுக்கு மேலே போக வேண்டாம்' என்ற எல்லைகளைக் குறிக்கிறது. அந்த எல்லைகள் அனுபவமுள்ள தன்னார்வலர்களிடமிருந்து வருகின்றன. பிரிட்டனில் ரெயின்சேசர்ஸும் வெற்று எண்ணோடு நிற்காமல், 'குறைவு', 'நடுத்தரம்', 'மிகுதி' என்ற வகையில் படகோட்டிக்கு விளங்கும் சொற்களில் நிலையைத் தருகிறது. இயந்திரம் அளந்ததை மனித அனுபவத்தோடு இணைப்பதே இச்சேவைகளின் உண்மையான சிறப்பு.

குறையும் அங்கேயே இருக்கிறது. எல்லையைக் குறித்தவர் பல ஆண்டுகள் பயின்றவர். செயலியைத் திறப்பவர் முதன்முறை வருபவராக இருக்கலாம். ஆறுகளின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை வகுக்கும் பன்னாட்டு வரிசை ஒன்று உண்டு. தண்ணீர் ஏறினால் அதே பகுதி ஒரு படி கடினமாகிவிடுவது வழக்கம். 'செல்லலாம்' என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாடுகளை விழுங்கிவிடுகிறது. யார் செல்லலாம், எந்தப் படகில் செல்லலாம் என்றும் சொன்னால்தான் அது அறிவுரை.

நிறங்கள் தரும் குழப்பம்

எண்ணைப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக நிறங்கள் வந்தன. அமெரிக்கன் ஒயிட்வாட்டரின் பட்டியல்களில் பச்சை என்றால் செல்லத் தக்க அளவு, சிவப்பு என்றால் தண்ணீர் போதாது, நீலம் என்றால் பரிந்துரைத்த அளவுக்கு மேல் என்ற வழக்கம் இருந்துவந்துள்ளது. இந்தியாவில் மத்திய நீர்வள ஆணையத்தின் வெள்ள அறிவிப்புகளிலோ பச்சை இயல்பு நிலை; மஞ்சள் எச்சரிக்கை மட்டத்தைத் தொட்ட நிலை; ஆரஞ்சு அபாய மட்டத்தைத் தொட்ட நிலை; சிவப்பு அதுவரை பதிவான உச்ச வெள்ள மட்டத்தையும் எட்டிய நிலை.

ஆக, ஓரிடத்தில் சிவப்பு என்றால் வறண்ட ஆறு; இன்னோரிடத்தில் அதே சிவப்பு வரலாறு காணாத வெள்ளம். ஒவ்வொன்றும் தன்னளவில் சரியே. ஆனால் நிறத்தின் பொருளை அதே திரையில் விளக்காத செயலி, பார்ப்பவரின் பழைய பழக்கத்தின் மீது பாரத்தைச் சுமத்துகிறது. பச்சையைப் பார்த்ததும் 'போகலாம்' என்று கொள்வது நம் எல்லாருக்கும் சாலைச் சந்திப்பில் பழகிய பழக்கம்.

அணைக்குக் கீழே

மழையால் ஏறும் ஆறு ஓரளவு முன்னறிவிப்புடன் ஏறுகிறது. மதகு திறந்து ஏறும் ஆறு அப்படியன்று. அணைக்குக் கீழே படகோட்டுவோருக்கு, கடந்த மணி நேர அளவைவிட அடுத்த மணி நேரத்தில் மதகு திறக்கப்படுமா என்பதே முக்கியம்.

இதற்கு நல்ல முன்மாதிரி மேற்கு வர்ஜீனியாவில் ஓடும் காலி ஆறு. அங்குள்ள சம்மர்ஸ்வில் அணையின் நோக்கங்களுள் படகு விளையாட்டையும் ஒன்றாக 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் குறிப்பிட்ட நாள்களில் தண்ணீர் திறக்கப்படுகிறது. நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் படகோட்டிகள் அதற்கேற்பத் திட்டமிடுகின்றனர். இங்கே செயலியின் நேரலை எண்ணைவிட ஒரு காலண்டர் அதிகம் பயன்படுகிறது.

முன்னறிவிப்பு இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில், லார்ஜி நீர்மின் திட்ட அணையிலிருந்து பியாஸ் ஆற்றில் திடீரெனத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்து, ஆற்றின் நடுவே பாறைகளில் நின்றிருந்த பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். அவர்கள் படகில் இருந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத செய்தியும் படகோட்டிக்கு வேண்டிய செய்தியும் ஒன்றே. மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் எந்த எண்ணும் அந்தச் சில நிமிடங்களில் பயன்பட்டிருக்காது. அணையை இயக்குபவர் திறக்கும் முன்பே அனுப்பும் எச்சரிக்கை ஒன்றே உதவியிருக்கும். ஆற்றுச் செயலி ஒன்றை மதிப்பிடும்போது, 'அணைத் திறப்பு அறிவிப்பு இதில் வருமா?' என்று நான் கேட்பது இதனால்தான்.

காவிரியும் நம் செயலிகளும்

தமிழ்நாட்டு வாசகருக்கு 'விநாடிக்கு இத்தனை கனஅடி' என்ற தொடர் புதியதன்று. தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்தது, பரிசல் இயக்கத் தடை என்ற செய்தியை மழைக்காலந்தோறும் நாளிதழில் படிக்கிறோம். கர்நாடகத்திலுள்ள கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து திறக்கப்படும் தண்ணீர், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைக் கடந்து ஒகேனக்கல்லுக்கு வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் உள்ளது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, அதைக் கணக்கிடும் இடமாக இருப்பதும் இந்த நிலையமே.

ஆக, அளவீடு இருக்கிறது. படகுப் போக்குவரத்தும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் செயலியின் நிலை என்ன? மத்திய நீர்வள ஆணையம் 2023 ஆகஸ்ட் 17 அன்று 'ஃபிளட்வாட்ச் இந்தியா' என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. நாடெங்கும் உள்ள வெள்ளக் கண்காணிப்பு நிலையங்களின் நீர்மட்டத்தையும் முன்னறிவிப்பையும் பொதுமக்கள் காண இது வழிசெய்தது. பொதுத் தரவைப் பொதுமக்கள் கையில் கொடுத்தது என்ற வகையில் இது வரவேற்கத்தக்க முயற்சி. எழுத்தாக மட்டுமின்றி ஒலியாகவும் தகவல் தருவது கூடுதல் சிறப்பு.

இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, மொழி. வெளியிடப்பட்டபோது இதன் தகவல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்பட்டன. காவிரிக் கரையில் பரிசல் ஓட்டுபவருக்கு ஒலியாகவே தகவல் வந்தாலும், அது தமிழில் வந்தால்தான் பயன். தமிழில் தருவது முடியாத செயலன்று. தமிழ்நாடு அரசு 2024-இல் கொண்டுவந்த 'டிஎன் அலர்ட்' செயலி வானிலையையும் நீர்த்தேக்க நிலையையும் தமிழில் தருகிறது.

இரண்டாவது குறை நுட்பமானது. ஃபிளட்வாட்ச் வெள்ளத்துக்காக அமைந்தது. அதன் எச்சரிக்கை மட்டமும் அபாய மட்டமும் கரையோர ஊர்களையும் வயல்களையும் மனத்தில் கொண்டு குறிக்கப்படுபவை. ஒகேனக்கல்லில் பெருவெள்ளம் வருவதற்கு வெகு முன்பே பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்படுகிறது. அதாவது, வெள்ளக் கணக்கில் ஆறு 'பச்சையாக' இருக்கும்போதே பரிசலுக்கு அது 'சிவப்பாக' இருக்கலாம். இது செயலியின் பிழையன்று. வேறொரு நோக்கத்துக்கான கருவியைப் படகுக்குப் பயன்படுத்துபவரின் பிழை. ஆயினும் 'இந்த நிறங்கள் படகுப் பயணத்துக்கானவை அல்ல' என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவொன்றும் ஆகாது.

ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களை ஒருமுறை ஒகேனக்கல்லுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் எதிரே இருந்த பாறையைக் காட்டி, "அந்தப் பாறைத் தலை முழுகிட்டா நாங்க துடுப்பு எடுக்க மாட்டோம் சார்" என்றார். அன்று அது எனக்கு ஒரு சுவையான தகவலாக மட்டுமே பட்டது. இப்போது எண்ணிப் பார்த்தால், அமெரிக்கத் தன்னார்வலர்கள் தரவுத்தளத்தில் எழுதிவைக்கும் மேல் எல்லை அதுவே. அவருடைய பாறை ஓர் அளவீட்டு நிலையம்; அவருடைய நினைவு ஓர் அட்டவணை. வேறுபாடு என்னவென்றால், அவருடைய அறிவு எங்கும் எழுதப்படவில்லை.

அதனால் செயலியே வேண்டாம், அனுபவமே போதும் என்று சொல்லிவிடவும் முடியாது. பாறையைப் பார்ப்பவருக்கு இப்போதைய மட்டம் தெரியும். மேலே எந்த அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று தெரியாது. செயலிக்கு அது தெரியலாம். இந்தப் பாறை தெரியாது. ஒன்றின் குறையை மற்றது நிரப்ப வேண்டும்.

பயன்படுத்துவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த நாட்டின் எந்தச் செயலியாக இருந்தாலும், படகில் ஏறும் முன் கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடை கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

1. இந்த எண் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது?
2. அளவீட்டு நிலையம் நான் செல்லும் இடத்துக்கு மேலேயா, கீழேயா? எவ்வளவு தொலைவு? இடையில் கிளையாறு கலக்கிறதா?
3. எண் நீர்மட்டமா, நீரோட்டமா? அடியா, மீட்டரா? கனஅடியா, கனமீட்டரா?
4. மட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா?
5. நிறங்கள் யாருக்காக வகுக்கப்பட்டவை: படகோட்டிக்கா, கரையோர ஊருக்கா?
6. மேலே அணை உண்டா? அதன் திறப்பு அறிவிப்பு எங்கே கிடைக்கும்?
7. கரையில் இருக்கும் படகோட்டி என்ன சொல்கிறார்? அரசு தடை ஏதும் உள்ளதா?

ஏழாவது கேள்விக்கு எதிரான விடை கிடைத்தால், முதல் ஆறுக்கும் எவ்வளவு நல்ல விடை கிடைத்திருந்தாலும் திரும்பிவிடுவதே முறை.

மதிப்பீடு

திறந்த தரவு, படகோட்டிகளின் அனுபவம் ஆகிய இரண்டையும் சேர்த்துத் தருவதில் அமெரிக்கச் சேவைகள் முன்னிற்கின்றன. பிரிட்டனில் எண்ணைச் சொல்லாக்கும் முயற்சி சிறப்பானது. ஆனால் தரவு வந்துசேரும் தாமதத்தை வாசகர் மறந்துவிடாதபடி காட்டுவது அங்கே மிகவும் தேவை. இந்தியாவில் தரவு வெளிவரத் தொடங்கியிருக்கிறது. படகில் செல்பவரை மனத்தில் கொண்டு அதை எடுத்துரைக்கும் பணி செய்யப்பட வேண்டியதாக உள்ளது.

காவிரிக்கு அது பெரிய திட்டமாக இருக்க வேண்டியதில்லை. பிலிகுண்டுலுவின் கடைசி அளவு, அது எடுக்கப்பட்ட நேரம், மேலேயுள்ள அணைகளின் திறப்பு, பரிசலுக்குத் தடை உண்டா இல்லையா ஆகிய நான்கையும் தமிழில் ஒரே திரையில் காட்டினால் போதும். கணினி பயிலும் மாணவர்கள் தம் கல்லூரித் திட்டப்பணியாக இதை எடுத்துக்கொள்ளலாம். தொடங்கும் முன் ஒகேனக்கல்லுக்கு ஒருமுறை சென்று, எந்தப் பாறை முழுகினால் பரிசல் நிற்கும் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.